காரைக்குடியில வீட்டு முன்னாடி சின்னதா ஒரு காபிக் கடை, ஆளுக உக்காந்து பேசுற மாதிரி கட்டணும், யோசனை சொல்லுங்க

ஃபில்டர்பைத்தியம்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நான் காரைக்குடிதான். ஒம்பது வருசம் சென்னையில வேலை பாத்துட்டு இப்ப ஊரோட வந்துட்டேன். எங்க வீட்டுக்கு முன்னால ரோட்டை ஒட்டி, எங்க பட்டாவுக்குள்ளயே, 18 அடி நீளம் 14 அடி அகலத்துக்கு இடம் சும்மா கெடக்கு. ரோடு மேற்கால. தென்மேற்கு மூலையில ஒரு வேப்ப மரம், எங்க ஐயா காலத்துல வச்சது, நல்லா படர்ந்து நிக்கும். எங்க அப்பச்சி இருக்கிற வரைக்கும் அதுக்குக் கீழ ஒரு கயித்துக் கட்டில் கெடக்கும், சாயங்காலம் அஞ்சு மணி ஆச்சுன்னா நாலு பேரு வந்து உக்காந்துருவாக, உள்ள இருந்து காபி போய்க்கிட்டே இருக்கும், ஆத்தா "இது வீடா காபி கிளப்பா"ன்னு வைவாக. அப்பச்சி போனதுக்கு அப்புறம் கட்டிலும் போச்சு வர்ற ஆளும் போச்சு. இப்ப அந்த இடத்துல பக்கத்து வீட்டுக்காரரு கார் நிக்குது.

அங்க ஒரு காபிக் கடை போடலாம்னு ஆசை. பெரிய கஃபே எல்லாம் இல்ல, பொட்டிக்கடையவிட கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். ஒரு டிசைனருகிட்ட போனேன், அவரு படம் போட்டுக் குடுத்தாரு. இரும்பு கன்டெயினர் பொட்டி, ரோட்டைப் பாத்து முழுக்க கண்ணாடி, உள்ள ஏசி, ஆறு ஸ்டூலு, வெளிய சுவத்துல ஆத்தங்குடி கல்லு ஒட்டி "செட்டிநாடு தீம்"னு போட்டிருந்தாரு. ஏழரை லட்சமாம். பாக்க நல்லாத்தான் இருக்கு ஆனா அதுல எங்க அப்பச்சி கூட்டாளி ஒருத்தரு கூட உள்ள வர மாட்டாகன்னு எனக்கு பாத்த உடனே தோணிருச்சு. என் கையில இருக்கிறது நாலு லட்சம், இழுத்துப் பிடிச்சா நாலரை.

எனக்கு வேண்டியது என்னன்னா, கரண்டு, தண்ணி, குப்பை மூணும் கம்மியா ஆகணும். பேப்பர் கப்பு வேண்டாம்னு நெனைக்கிறேன், முடியுமான்னு தெரியல. நம்ம ஊரு சாமான வச்சே கட்டணும். எல்லாத்தையும் விட, வர்றவுக நின்னு குடிச்சுட்டு ஓடாம கொஞ்ச நேரம் இருக்கணும், பக்கத்துல இருக்கிறவரோட ரெண்டு வார்த்தை பேசணும். இந்தக் கடைசி விசயத்தை எப்படிக் கட்டடத்துல கொண்டு வர்றதுன்னுதான் புரியல. சும்மா ரெண்டு பெஞ்சு போட்டா போதுமா? தெரிஞ்சவுக சொல்லுங்க.

செம்புறாங்கல்:

தம்பி, நான் இருபத்தேழு வருசமா இந்தப் பக்கந்தான் கட்டட வேலை பாக்குறேன், அப்பாவும் கொத்தனாரு. படத்தைக் கிழிச்சுப் போடுன்னு சொல்ல மாட்டேன், காசு குடுத்திருப்பீக. ஆனா மேற்கு பாத்த கண்ணாடிக்கு உள்ள ஏசி போடுறது அடுப்பை எரிய விட்டுக்கிட்டு பக்கத்துல உக்காந்து விசிறிக்கிற கதைதான்.

முதல்ல வெயிலைப் பாருங்க. நிறைய பேரு மேற்குச் சுவருன்னா நேர் மேற்குலருந்து மட்டும் வெயில் வரும்னு நெனைச்சுக்கிறாக. நம்ம ஊரு ஏறக்குறைய பத்து டிகிரி வடக்கு. ஏப்ரல் நடுவுல இருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உச்சி வெயிலே வடக்க சாஞ்சிருக்கும், சூரியன் எறங்குறதும் வடமேற்கால தள்ளித்தான் எறங்கும். உங்க வேம்பு எங்க நிக்குது? தென்மேற்குல. அப்ப சித்திரை வைகாசியில, உங்களுக்கு நெழலு ரொம்ப வேண்டிய மாசத்துல, சாயங்காலம் அஞ்சு மணிக்கு அந்த மரத்து நெழலு உங்க இடத்து நடுவுல விழாது, தெக்கால உங்க காம்பவுண்டு ஓரமா போயிரும். மார்கழியில விழும், அப்ப யாருக்கு வேணும். நம்பலைன்னா ஒரு சாக்பீஸ் எடுத்துக்கிட்டு போயி நாலு மணிக்கு ஒரு கோடு, அஞ்சு மணிக்கு ஒரு கோடு, ஆறு மணிக்கு ஒரு கோடு போட்டுப் பாருங்க. இந்த மாசமே பாத்தாத்தான் சரி.

அதனால நான் என்ன சொல்றேன்னா கடையையே வடமேற்கு மூலையில வைங்க, 8க்கு 7 போதும். கடைச் சுவரே வெயிலுக்கு மறைப்பு. காபி குடுக்கிற மேடை ரோட்டைப் பாக்க வேண்டாம், தெக்கால மரத்தைப் பாக்கட்டும். கடைக்கும் மரத்துக்கும் நடுவுல பத்தடி கெடைக்கும் பாருங்க, அதுதான் உங்க முத்தம். அந்தக் காலத்து வீட்டுல முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டுன்னு எத்தனை கட்டு இருந்தாலும் ஆளுக புழங்குறது முத்தத்தைச் சுத்தித்தான, நடுவுல காலியா ஒரு இடம் இருந்தா அதைப் பாத்து சுத்தி உக்காருவாக. ரோட்டைப் பாத்து வரிசையா பெஞ்சு போட்டீகன்னா பஸ் ஸ்டாண்டு மாதிரி எல்லாரும் ஒரே பக்கம் பாத்துக்கிட்டு இருப்பாக, பேச்சு வராது.

சுவரு செம்புறாங்கல்லுல கட்டுங்க, இடுப்பு உயரத்துக்கு, அதுக்கு மேல மூங்கில் தட்டியோ மரச் சட்டமோ. முழுச்சுவரு எழுப்புனா காத்து நிக்கும். கூரைக்கு தகரம் போடவே போடாதீக, உள்ள நிக்கிற உங்க பையன் மத்தியானம் ரெண்டு மணிக்கு வெந்துருவான். பனங்கை சட்டம் போட்டு நாட்டு ஓடு மேயலாம், ஆனா உண்மையச் சொல்லணும்ல, நாட்டு ஓடு மேயத் தெரிஞ்ச ஆளு இப்ப கம்மி, குரங்கு ஏறுனா கலைஞ்சுரும், ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா பிரிச்சு மேயணும். முடியாதுன்னா மங்களூர் ஓடு போட்டுக்கங்க, தப்பில்ல. உச்சியில சூடு வெளிய போக ஒரு சாண் இடைவெளி விடுங்க. தெக்குப் பக்க தாவாரம் நாலடி வெளிய வரட்டும், அதோட மேற்கு முனையில ஒரு தட்டிய கட்டித் தொங்க விடுங்க, சாயங்காலம் எறக்கிக்கலாம். தாவாரம் எவ்வளவு நீட்டுனாலும் எறங்கு வெயிலை நிறுத்தாது, செங்குத்தா ஒண்ணு தொங்குனாத்தான் நிக்கும்.

ஆத்தங்குடி கல்லு. இதுல எல்லாரும் தப்பு பண்றாக. அது சூளையில சுட்ட ஓடு இல்ல, கண்ணாடி மேல அச்சை வச்சு கலர் சாந்து ஊத்தி, மேல சிமெண்டும் மணலும் போட்டு அமுக்கி, தண்ணித் தொட்டியில ஊறப்போட்டு எடுக்கிறது. நெருப்பே இல்ல, அந்த வகையில நீங்க கேக்குறதுக்கு ஒத்து வரும். ஆனா சிமெண்டுதான, குடிக்கும். காபி மேடைக்கு மேல போட்டீகன்னா டிக்காஷன் கறை ஏறிரும், எலுமிச்சை சிந்துனா அரிச்சுரும். மழை வெயில் படுற தரையிலயும் வேண்டாம், கலர் மங்கும், ஈரத்துல வழுக்கும். மேடைக்கு முன்பக்கத்துல, ஆளுக கண்ணுல படுற எடத்துல நாப்பது கல்லு பதிங்க, அது போதும். மேடை மேல கடப்பாக் கல்லோ கிரானைட்டோ. உக்கார்ற திண்ணைக்கு ரெட் ஆக்ஸைடு போட்டு நல்லா தேச்சு விடுங்க, உக்காந்தா குளுகுளுன்னு இருக்கும்.

ஒரு விசயம், கோச்சுக்காதீக. முனீஸ்வரன் கோயில் தெருவுல போயி பழைய தூணு, கதவு நிலை எல்லாம் வாங்கி வச்சா அதுவும் மறுபயன்பாடுதானன்னு சொல்லுவாக. இடிஞ்ச வீட்டு ஓடும் செங்கலும் வாங்குங்க, யாரும் அதுக்காக வீட்டை இடிக்க மாட்டாக. பர்மா தேக்குத் தூணுக்கு கிராக்கி ஏற ஏறத்தான் நல்லா இருக்கிற வீடும் சரியுது, நானே ரெண்டு வீடு பிரிக்கிற வேலைக்குப் போயிருக்கேன், இப்ப போறதில்ல.

டவராடம்ளர்:

அண்ணே சொன்னதெல்லாம் சரி, ஒண்ணத் தவிர. மேடை ரோட்டைப் பாக்கலைன்னா வியாபாரம் எப்படி நடக்கும்? நான் தேவகோட்டையில பதினாறு வருசமா கடை வச்சிருக்கேன். காலையில அஞ்சரைல இருந்து எட்டு வரைக்கும் வர்றவன் எவனும் உக்கார மாட்டான், வண்டிய ஆஃப் பண்ணாமயே "அண்ணே ஒரு ஸ்ட்ராங்கு"ம்பான். அவன்தான் கடைக்கு வாடகை கட்டுறவன். அவனுக்கு ரோட்டுப் பக்கம் ரெண்டடியில ஒரு சன்னல் வைங்க. உள்பக்க மேடை சாயங்காலத்துக்கு.

பெஞ்சு பத்தி. எங்க தொழில்ல ஒரு நம்பிக்கை உண்டு, பெஞ்சு போட்டா ஒரு காபிய வாங்கிக்கிட்டு ஒரு மணி நேரம் பேப்பர் படிப்பான், அடுத்தவனுக்கு எடம் இருக்காதுன்னு. நானும் அப்படித்தான் ஆறு வருசம் பெஞ்சு இல்லாம ஓட்டுனேன். பெறகு மழைக்கு ஒதுங்குறாகளேன்னு ஒரு பழைய பள்ளிக்கூட பெஞ்சைக் கொண்டாந்து போட்டேன். ஒரு மணி நேரம் உக்கார்றான், வாஸ்தவந்தான். ஆனா ஆளு உக்காந்திருக்கிற கடைக்குத்தான் இன்னொரு ஆளு வர்றான். காலியா இருக்கிற கடைய பாத்தா "நல்லா இருக்காது போல"ன்னு தாண்டிப் போயிருவான். அந்த ஒரு மணி நேரக்காரரு எனக்கு சம்பளம் இல்லாத விளம்பரம். அதோட சாயங்காலம் காபி மட்டும் வித்தா கட்டுபடியாகாது, உக்கார்றவன்தான் பணியாரம் வாங்குவான். உங்க தெருவுல யாராவது ஆச்சி கந்தரப்பம், மசாலாச் சீயம் போடுறவுக இருந்தா அவுககிட்ட வாங்கி வைங்க, பாக்கெட்டு பிஸ்கட்டுல குப்பைதான் மிஞ்சும்.

கப்புக்கு வர்றேன். தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து பிளாஸ்டிக் பூச்சு இருக்கிற பேப்பர் கப்பு தடை. எல்லாக் கடையிலயும் இருக்குதேம்பீக, இருக்கு. சூடான காபிய தாங்குறதுக்கு உள்பக்கம் ஒரு பூச்சு இருந்தே ஆகணும், வெறும் பேப்பர் ஊறிரும். அதனால "பேப்பர்தான, மக்கிரும்"னு நெனைக்காதீக. ஒரு நாளைக்கு 200 காபின்னு வச்சுக்கங்க, வருசத்துக்கு 73,000 கப்பு. அதைக் கூட்டி அள்ளுறது நீங்கதான்.

மானாமதுரை பக்கத்துல இருக்கிறதால மண் கப்பு வைக்கலாமேன்னு ஒருத்தராவது சொல்லுவாக. அங்க மண்ணுல ஒரு கை வித்தை இருக்கு, கச்சேரியில வாசிக்கிற கடத்துக்கே பேரு போன ஊரு. ஆனா ஒரு தடவை குடிச்சுட்டு ஒடைக்கிறதுக்காக ஒரு கப்பை சூளையில வச்சு சுடணுமா? தண்ணி குடிக்கிற பானைய அவுககிட்ட வாங்கி வைங்க, பெருசா ரெண்டு. எரநூறு கப்பை ஒடைச்சு மூலையில குமிக்கிறத விட அது அவுகளுக்கும் மரியாதை.

எவர்சில்வர் டம்ளர் டவராதான். 150 செட்டு வாங்குங்க, காலையில கூட்டத்துல கழுவ நேரம் இருக்காது. வருசத்துக்கு பத்து பதினஞ்சு காணாமப் போகும், கணக்குல எழுதிக்கங்க. கழுவுறது குழாயத் தொறந்து விட்டுக் கழுவுனா தண்ணி ஆறா ஓடும். மூணு தொட்டி வைங்க, முதல்ல அலசல், ரெண்டாவது சோப்பு, மூணாவது நல்ல சூடான தண்ணி. அழுக்காக ஆக மாத்தணும். எனக்கு ஒரு நாளைக்கு எழுபது எண்பது லிட்டருக்குள்ள முடியுது. மூணாவது தொட்டி ஆளுக கண்ணுல படுற மாதிரி ஆவி பறக்க இருக்கட்டும், கடைசியில டம்ளரைக் கவுத்து வெயில்ல வைங்க. பேப்பர் கப்பு கேக்குறவன் கேக்குறது சுத்தத்துக்காகத்தான், கழுவுறதைக் கண்ணால பாத்துட்டான்னா வாயத் தொறக்க மாட்டான். பார்சலுக்கு தூக்குவாளி கொண்டு வந்தா ரெண்டு ரூவா கம்மின்னு போர்டு எழுதிப் போடுங்க.

காபித்தூள் சக்கை தினம் ரெண்டு மூணு கிலோ வரும். அப்படியே செடிக்கு அடியில கொட்டாதீக, கட்டி தட்டி தண்ணி எறங்காது. வேப்பஞ்சருகோட கலந்து ஒரு தொட்டியில மக்க விட்டு அப்புறம் போடுங்க. நான் வாழைக்குப் போடுறேன்.

கொட்டை விசயம், ரொம்ப தூரம் போக வேண்டாம். கொடைக்கானல் மலையில தாண்டிக்குடி பக்கத்துல மர நெழல்ல வெளையுற காபி இருக்கு, பீபரி, பிளான்டேஷன் ஏன்னு ரெண்டு ரகக் கொட்டையும் பாதிப் பாதி வாங்கி, சிக்கரி நூத்துக்கு இருபது பங்குக்கு மேல போகாம பாத்துக்கங்க. உங்க பேரே ஃபில்டர்பைத்தியம், உங்களுக்கு நான் சொல்லணுமா.

கானாடுகாத்தான்ரிட்டர்ன்:

எல்லாம் சரி பாஸ், மே மாசம் ஏசி இல்லாம ஒரு சின்னப் பையன் வருவானா? இன்ஸ்டால போடுற மாதிரி ஒண்ணு இருக்கணும். திண்ணை, தட்டி, பானைன்னு எல்லாம் பழசாவே பேசிக்கிட்டு இருந்தா நம்ம தாத்தாக்கள்தான் வருவாங்க. அந்தக் காலத்துல திண்ணையில ஊரே உக்காந்துச்சு, அந்தப் பண்பாட்டை மீட்கிறோம்னு எழுதி வேணா மாட்டலாம், சூப்பரா போகும்.

பள்ளத்தூர்க்காரி:

மேல ரிட்டர்ன் தம்பி "திண்ணையில ஊரே உக்காந்துச்சு"ன்னு எழுதியிருக்காரு. எந்த ஊரு? எங்க தெருத் திண்ணையில நான் ஒரு நாளும் உக்காந்ததில்ல, எங்க அப்பத்தாவும் உக்காந்ததில்ல, வாசப்படிக்கு உள்ள நின்னு எட்டிப் பாத்ததுதான். திண்ணை வரைக்கும் வரக்கூடாதுன்னு ரோட்டுலயே நின்னு பேசிட்டுப் போனவுகளும் உண்டு. டீக்கடையில ரெட்டை டம்ளர் வச்ச கதைய நம்ம யாருக்கும் புதுசா சொல்ல வேண்டியதில்ல. அதனால அந்த போர்டை மாட்டாதீங்க. எல்லாருக்கும் ஒரே டம்ளர், ஒரே பெஞ்சு, அதை எழுதி மாட்டவும் வேண்டாம், நடந்தா போதும்.

நான் காலேஜ்ல வேலை பாக்குறேன், தினம் காரைக்குடிக்கு பஸ்ல வந்து போறேன். சாயங்காலம் நாலரைக்கு தலைவலி மண்டையப் பொளக்கும், ஒரு காபி குடிச்சா பஸ் ஏறலாம். பஸ் ஸ்டாண்டு போற வழியில பதினோரு டீக்கடை இருக்கு, எண்ணி வச்சிருக்கேன். ஒண்ணுலயும் நின்னதில்ல. யாரும் அடிச்சு வெரட்டல, ஆனா பதினஞ்சு ஆம்பளைங்க ரோட்டைப் பாத்து நின்னுக்கிட்டு இருக்கிற எடத்துக்கு நடுவுல போயி "ஒரு காபி"ன்னு கேக்குறதுக்கு ஒரு தெம்பு வேணும், வேலை முடிஞ்சு வர்றப்ப அது மிஞ்சுறதில்ல. பார்சல் வாங்கி ஆறிப்போன காபிய பஸ்ல குடிக்கிறேன்.

நீங்க "ஆளுக உக்காந்து பேசணும்"னு எழுதுறப்ப உங்க மனசுல இருக்கிற ஆளுக யாருன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. உங்க அப்பச்சி கட்டில்ல உக்காந்த நாலு பேரும் ஆம்பளைங்க, காபி போட்டு அனுப்புன ஆத்தா உள்ள. அந்த ஆத்தா வந்து உக்கார்ற மாதிரி கட்டுனா மத்த எல்லாரும் தானா வருவாங்க.

கட்டடத்துல என்ன பண்ணலாம்னு கேட்டா, செம்புறாங்கல் அண்ணன் சொன்ன மாதிரி மேடை உள்பக்கம் திரும்புறது எனக்குப் பெரிய விசயம், ரோட்டுல நிக்காம உள்ள வந்து வாங்கலாம். ஆனா முழுசா மறைச்சுறாதீங்க, ரோட்டுல இருந்து பாத்தா உள்ள யாரு இருக்காங்கன்னு தெரியணும், மறைவா இருக்கிற எடத்துக்கும் நான் வர மாட்டேன். உக்கார்ற எடத்துல பாதிக்காவது முதுகுக்குப் பின்னால சுவரு இருக்கணும். வெளிச்சம் நல்லா வேணும், மஞ்சளா மங்கலா மூடு லைட்டு எல்லாம் வேண்டாம். சிகரெட்டு விக்காதீங்க, இதுல டவராடம்ளர் அண்ணன் சண்டைக்கு வருவாரு, வரட்டும். சிகரெட்டு பிடிக்கிற எடத்துல பிள்ளையக் கூட்டிக்கிட்டு யாரும் உக்கார மாட்டாங்க.

அப்புறம் திண்ணைன்னு உயரமா கட்டிராதீங்க. எங்க ஆயாவுக்கு முழங்கால் வலி, திண்ணையில ஏறவும் முடியாது, தரையோட தரையா இருக்கிற பெஞ்சுல இருந்து எந்திரிக்கவும் முடியாது. ஒண்ணரை அடி உயரம், பிடிச்சு எந்திரிக்க ஓரத்துல ஒரு கைப்பிடி. நடுவுல நடுவுல சும்மா தூக்கிப் போடுற முக்காலி நாலஞ்சு வைங்க. தெரியாத ஆளோட ஒரே பெஞ்சுல ஒட்டி உக்கார யோசிப்பாங்க, முக்காலின்னா இழுத்துப் போட்டுக்கிட்டு அவங்கவங்க தூரத்தை அவங்கவங்களே வச்சுக்குவாங்க. நீங்க நாள் பூரா கடையில இருக்கப் போறவரு, அக்கம் பக்கத்துல கழிப்பறை எங்க இருக்குன்னும் பாருங்க, இதை யாரும் எழுத மாட்டாங்க, அதான் நான் எழுதுறேன்.

வெயில்கணக்கு:

சோலார் பத்தி யாரும் பேசலையே, நான் கணக்கு சொல்றேன்.

20 லிட்டர் பால், 30 டிகிரில இருந்து 95 டிகிரிக்குக் கொண்டு போக சுத்தமா ஒண்ணரை யூனிட்டு கரண்டுக்குள்ளதான் ஆகும், இன்டக்‌ஷன் அடுப்புல போற நட்டத்தையும் சேத்தா ஒண்ணே முக்கால்னு வைங்க. இது ஒண்ணுமே இல்ல. ஆனா காபிக் கடையில எரிபொருளைத் திங்கிறது பாலைக் காய்ச்சுறது இல்ல, காய்ச்சுன பாலையும் பாய்லரையும் நாள் பூரா கொதிநிலையிலயே வச்சிருக்கிறது. எவ்வளவு பெரிய அண்டா, எவ்வளவு நேரம் தொறந்து கெடக்குதுங்கிறதுதான் கணக்கு. ரெண்டு லிட்டரா ரெண்டு லிட்டரா காய்ச்சுங்க, வெந்நீரை நல்ல பிளாஸ்க் மாதிரி உறை போட்ட பாத்திரத்துல வைங்க, சோலார் போடுறதுக்கு முன்னாடியே பாதிச் செலவு கொறையும். கொதிச்சு கொதிச்சு வத்துன பாலுல காபியும் நல்லா இருக்காது.

ஒரு கிலோவாட் பேனல் நம்ம பக்கம் ஒரு நாளைக்கு சராசரியா நாலு யூனிட்டு தரும். அப்ப சோலார்லயே கடைய ஓட்டிரலாம்னு தோணும். சிக்கல் என்னன்னா உங்க வியாபாரம் காலையில ஏழு மணிக்கும் சாயங்காலம் அஞ்சு மணிக்கும், பேனல் உச்சத்துல இருக்கிறது மத்தியானம் பன்னெண்டுக்கு. பேட்டரியில புடிச்சு வச்சு அடுப்பு எரிக்கிறதுன்னா பேட்டரிக்கே உங்க பட்ஜெட்டு போயிரும். என் யோசனை, அடுப்பு கேஸ்ல இருக்கட்டும். லைட்டு, ரெண்டு ஃபேனு, அரைக்கிற மிஷினு இதுக்கு மட்டும் சின்னப் பேனலும் ஒரு இன்வெர்ட்டரும் போதும். மாசாந்திர பராமரிப்புன்னு ஒரு நாள் பூரா கரண்டு போறப்ப உங்க கடை மட்டும் ஃபேனு ஓடிக்கிட்டு இருக்கும், அன்னைக்கு தெருவே உங்ககிட்டதான் இருக்கும். செல்போன் சார்ஜ் போட நாலு பிளக் பாயிண்ட் வைங்க. ரிட்டர்ன் தம்பி கேட்ட சின்னப் பசங்க ஏசிக்கு வர மாட்டாங்க, இதுக்கு வருவாங்க.

பேனலை எங்க வைப்பீங்க? கடைக் கூரை வடமேற்குல இருந்தா மரத்து நெழலு அதிகம் விழாது, நல்லது. ஆனா வேப்பம்பூ கொட்டுற பங்குனி சித்திரையில வாரத்துக்கு ஒரு தடவை தொடைக்கணும்.

மழைத்தண்ணி பத்தியும் சொல்லிர்றேன், இதுலயும் ஆசையில அகலக்கால் வைப்பாங்க. கூரை 120 சதுர அடின்னு வைங்க, நம்ம மாவட்டத்துல வருசத்துக்கு சுமாரா 900 மில்லிமீட்டர் மழை, சிந்துனது செதறுனது போக எட்டாயிரம் லிட்டர் கெடைக்கும். டம்ளர் கழுவ மட்டும் வருசத்துக்கு இருபத்தஞ்சாயிரத்துக்கு மேல வேணும். அதுவும் அந்த எட்டாயிரத்துல பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில கொட்டிரும். பெரிய தொட்டி கட்டிக் காசைக் கரைக்காதீங்க. 500 லிட்டர் தொட்டி ஒண்ணு, மிச்சம் உறிஞ்சு குழிக்கு. கழுவுன தண்ணியில மூணாவது தொட்டித் தண்ணி மட்டும் மரத்துக்குப் போகலாம், சோப்புத் தண்ணிய தனியா விடுங்க.

செம்புறாங்கல்:

பள்ளத்தூர் ஆச்சி சொன்ன உயரக் கணக்கு சரி, நான் ரெண்டரை அடித் திண்ணைதான் மனசுல வச்சிருந்தேன், மாத்திக்கிறேன். தம்பி, கதவு வழியில படி வைக்காம சரிவா விடுங்க, பன்னெண்டு அடிக்கு ஒரு அடிக்கு மேல ஏறக்கூடாது, வீல்சேரும் போகும், பால் கேனும் போகும்.

இன்னொண்ணு, பெஞ்சு, போர்டு, தட்டி எதுவும் பட்டாவத் தாண்டி ரோட்டுப் புறம்போக்குல ஒரு அடி கூட வரக்கூடாது. 2024ல நம்ம ஊரு மாநகராட்சி ஆயிருச்சு, இனி ஆக்கிரமிப்பு எடுக்க வந்தா முதல்ல போறது பெஞ்சுதான். தள்ளுவண்டிக்காரவுகளுக்கு 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம் இருக்கு, உங்களுது சொந்த எடத்துல கட்டடம், அதனால தொழில் உரிமம், உணவுப் பாதுகாப்புப் பதிவு, வணிக மின் இணைப்பு மூணையும் முதல்லயே எழுதிக் குடுத்துருங்க.

ஃபில்டர்பைத்தியம்:

எல்லாருக்கும் பெரிய கும்பிடு. பத்து நாளா பதில் போடலன்னு நெனைச்சிருப்பீங்க, வேலை பாத்துக்கிட்டு இருந்தேன்.

முதல்ல பக்கத்து வீட்டுக்காரரு காரை நகத்தச் சொன்னேன். அதுக்கே மூணு நாள் ஆச்சு, அது தனிக்கதை. அப்புறம் சாக்பீஸ். செம்புறாங்கல் அண்ணே, நீங்க சொன்னது அப்படியே இருந்துச்சு. அஞ்சு மணிக்கு மரத்து நெழலு தெக்குக் காம்பவுண்டுல ஏறி நிக்குது, நான் பெஞ்சு போடணும்னு நெனைச்ச எடத்துல வெயில் பளீர்னு அடிக்குது. டிசைனரு படத்துல அங்கதான் ஆறு ஸ்டூலு.

அப்புறம், கட்டுறதுக்கு முன்னாடி சும்மா பாப்போம்னு வடமேற்கு மூலையில நாலு மூங்கில் நட்டு, கடை அளவுக்கு தென்னங்கீத்துத் தட்டிய கட்டி, உள்ள வீட்டு மேசையப் போட்டு, ரெண்டு ஃபில்டரும் ஒரு கேஸ் அடுப்பும் வச்சு, நாலு நாள் சாயங்காலம் தெருக்காரவுகளுக்கு மட்டும் காபி போட்டுக் குடுத்தேன். காசு வாங்கல, வாங்குனா எதுக்கு எதுக்கு எழுதணும்னு தெரியல. தெக்கப் பாத்து மேசை. ஒரு பெஞ்சு, அஞ்சு முக்காலி, வீட்டுல இருந்த பதினெட்டு டம்ளர்.

முதல் நாள் ஆறு பேரு, எல்லாம் ஆம்பளைங்க, பெஞ்சுல ஒட்டி உக்காந்து தேர்தல் பேசுனாக. ரெண்டாம் நாள் ஆத்தாவ "நீங்க வந்து டம்ளர் எண்ணுங்க, காணாமப் போகுது"ன்னு பொய் சொல்லி வெளிய கூட்டியாந்தேன். சுவத்து ஓரமா முக்காலியப் போட்டு உக்காந்தாக. கால் மணி நேரத்துல எதுத்த வீட்டு ஆச்சி வந்தாக, அப்புறம் டியூஷன் விட்டு வந்த பிள்ளைகளோட ரெண்டு அக்கா. பெஞ்சுல யாரும் உக்காரல, முக்காலிய இழுத்துக்கிட்டு சுவத்துப் பக்கம் போயிட்டாக. ஆம்பளைங்க பெஞ்சுல, பொம்பளைங்க சுவத்துல, நடுவுல பத்தடி. பேச்சு மட்டும் குறுக்க போயிக்கிட்டு இருந்துச்சு, யாரு வீட்டுல தண்ணி வரலன்னு.

நாலாம் நாள் முக்காலி பத்தல, எதுத்த வீட்டு ஆச்சி அவுக வீட்டுல இருந்தே ஒண்ணைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாக. அதை இன்னும் எடுத்துட்டுப் போகல.

டம்ளர் பதினெட்டுல பதினேழு இருக்கு. மூணு தொட்டி முறையில தண்ணி நல்லா மிச்சமாச்சு, ஆனா மூணாவது தொட்டி சூடு சீக்கிரம் எறங்கிருது, டவராடம்ளர் அண்ணே நீங்க எப்படி சூட்டை நிறுத்துறீங்க, எத்தனை நேரத்துக்கு ஒருக்கா மாத்துறீங்க? சிகரெட்டு விக்கப் போறதில்ல, முடிவு பண்ணிட்டேன். ரோட்டுப் பக்க சன்னல் வைக்கிறேன். அஸ்திவாரம் ஆடி கழிஞ்சு போடலாம்னு ஆத்தா சொல்றாக. கணக்குப் போட்டா மூணே முக்கால்ல நிக்குது, ஓட்டுக் கூலி மட்டும் இன்னும் தெரியல.

டவராடம்ளர்:

மூணாவது தொட்டிய பாய்லருக்குப் பக்கத்துலயே ஒட்டி வைங்க தம்பி, மூடி போட்டு. பாய்லர் தண்ணியில ரெண்டு சொம்பு அப்பப்ப விட்டா சூடு நிக்கும். நான் கூட்ட நேரத்துல அம்பது டம்ளருக்கு ஒரு தரம் மாத்துவேன், மேல எண்ணெப் பசை மாதிரி மிதந்தா எண்ணிக்கை பாக்காம அப்பவே கொட்டிருவேன்.

சிகரெட்டு விசயத்துல பள்ளத்தூர் ஆச்சிகிட்ட சண்டைக்கு வரல. என் கடையில அதுல வர்ற காசு எனக்கு வேணும், அதான் உண்மை. ஆனா என் சம்சாரம் பதினாறு வருசத்துல ஒரு நாள் கூட என் கடை பெஞ்சுல உக்காந்து காபி குடிச்சதில்லன்னு நேத்து நைட்டுதான் கவனிச்சேன்.

ஓடு மேயுற ஆளு ஒருத்தரு எங்க பக்கம் இருக்காரு, வயசானவரு, கூலி கொஞ்சம் கூடக் கேப்பாரு. வேணும்னா தனியா மெசேஜ் போடுங்க.